வெயிலில் வைத்த கிம்ச்சி

ஆரணி
12.9.2001

அன்புள்ள லதா அக்காவுக்கு,

பானு எழுதுகிறேன். நான், அவர், அத்தை மூன்று பேரும் சௌக்கியம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கார் கம்பெனி கொரியாக்காரர்களின் கெஸ்ட் ஹவுஸில் இன்னும் குனிந்துதான் சமைக்கிறாயா? அடுப்பு மேடையை உயர்த்தித் தருவதாகச் சொன்னார்களே, செய்தார்களா?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. அவர் புதிதாக இரண்டு பவர்லூம் போட்டிருக்கிறார். பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் காது அடைத்துக்கொள்கிறது. அத்தை மாடியில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைத்துவிட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு விஷயம். ஆடிப் பதினெட்டுக்கு உன்னிடம் வந்தபோது, கொரியாக்காரர்களுக்காகக் கோஸில் கிம்ச்சி கலந்த கையோடு ஒரு துண்டு எடுத்து என் வாயில் போட்டாயே, அது வேண்டும் எனக்கு. பழசு வேண்டாம், புளித்தது வேண்டாம். அன்றைக்குச் செய்த மாதிரி பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும், பூண்டு காரம் மூக்கில் ஏற வேண்டும். இங்கே அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. மார்க்கெட்டில் புதிதாகத் திறந்த பெரிய கடையில் கேட்டேன். "அது இன்னா கம்பெனி பிஸ்கட்டுமா?" என்றான் கடைக்காரன். சாதத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது அக்கா. அது ஒன்றுதான் இறங்கும் போலிருக்கிறது.

போன் செய்யாதே. போன் கூடத்தில் இருக்கிறது, அத்தையும் கூடத்தில்தான் இருக்கிறார். எப்போதும் போலப் பக்கத்து வீட்டு ஜெயம் அக்கா முகவரிக்கே எழுது. பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற சாக்கில் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை
பானுப்ரியா


ஸ்ரீபெரும்புதூர்
17.9.2001

பானு,

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. மேடையை உயர்த்தவில்லை. நான் கேட்பதையும் விடவில்லை. உடம்புக்கு வேறொன்றும் இல்லை.

கிம்ச்சி என்ன நேந்திரம் சிப்ஸா, மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்ப? நீ கேட்கிறது கலந்த கையோடு சாப்பிடுகிற புதுக் கிம்ச்சி. இங்கே கொரியா மேடம் காலையில் கலக்கச் சொல்லி மதியமே காலி செய்துவிடுவார். ராத்திரிக்கு வைத்தாலே அது வேறு சாமானாகிவிடும். இருந்தாலும் உனக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ஊட்டியிலிருந்து நீளக் கோஸ் வந்ததும் செய்து, உங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை விரதம் தெரிந்து மீன் சாறு சேர்க்காமல், வியாழக்கிழமை காலை ஆரணி பஸ்ஸில் தருமன் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலோடு ஒரு சீட்டும் கட்டியிருப்பேன். வந்த உடனே திற. அன்றைக்கே தின்று தீர். மூடியை இறுக்காதே. முக்கியமாக வெயில் படக்கூடாது.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். சாதத்தைப் பார்த்தால் குமட்டுகிறதாம், ஆனால் விசேஷம் ஒன்றுமில்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறாய்? அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரி விட்டவள் நான். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது? மாப்பிள்ளையிடம் சொன்னாயா? ஒரு வார்த்தை பொய் எழுதினாலும் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

லதா


ஆரணி
2.10.2001

அக்கா,

உன் நலம் கேட்டு வரிசையாக எழுத இன்று தெம்பில்லை. நீயாவது நன்றாக இரு.

உன் பாட்டில் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அவரோடு படவேட்டுக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வரப் பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. தருமன் பாட்டிலை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் சீட்டை அத்தை படிக்கவே இல்லை. சிவப்பாக இருக்கிறது, மிளகாய் மிதக்கிறது, ஆகவே ஊறுகாய். ஊறுகாய்க்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார். மூடியை இறுக்கி, மேலே துணி கட்டி, மாடியில் நார்த்தங்காய் ஜாடிகளுக்கு நடுவே நல்ல வெயிலில் வைத்தார். நன்றாக ஊறிய பிறகு எனக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாராம். நானோ பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வெயில் தாங்கியது. அடுத்த நாள் டப்பென்று சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினோம். மூடி ஒரு பக்கம் கிடக்கிறது, சிவப்பு நுரை பொங்கிப் பொங்கி வழிகிறது. தெரு முழுக்கப் புளித்த பூண்டு வாடை. அத்தை பதறிப்போய் எல்லா ஜாடியையும் திறந்து பார்த்தார். நார்த்தங்காய் ஜாடி ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. முன்வாரத்து மழையில் அந்த ஜாடி நனைந்ததை நானே பார்த்தேன். ஆனால் அத்தைக்கு மழை ஞாபகம் வரவில்லை, நான்தான் ஞாபகம் வந்தேன். "இந்த மாசம் நீ ஒக்காரவே இல்லியே. தீட்டோட ஜாடியத் தொட்டுக்கினு எனக்கே மறைக்கிறியா?" என்றார்.

இந்த வீட்டில் மாதத்தில் அந்த மூன்று நாள் பின்னறையில் பாய் போட்டு உட்கார வேண்டும், ஊறுகாய் ஜாடி மேல் நம் நிழல்கூடப் படக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அதை மீறினேன் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். பொங்கிய பாட்டில்தான் சாட்சி. ஐப்பசி பிறந்ததும் ஐயரை வைத்து வீட்டைச் சுத்தி செய்யப் போகிறார். அதுவரை எனக்குப் பின்னறை. சமையலறையும் கிடையாது, சாமி அறையும் கிடையாது.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம். இரண்டு மாதம் தாண்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மார்ச்சில் நின்று, அது தங்காமல் போனபோது தெருவே வந்து துக்கம் விசாரித்தது. என்ன தின்றேன், எதைத் தூக்கினேன் என்று ஆளாளுக்குக் கேள்வி. அதனால் இந்த முறை ஆவணியில் ஒன்றுமில்லாமலே மூன்று நாள் பின்னறையில் உட்கார்ந்து எழுந்தேன். புரட்டாசியில் அந்த நடிப்புக்கு உடம்பில் பலமில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

உன் கிம்ச்சியில் ஒரு துண்டுகூட என் வாயில் படவில்லை.

பானு


ஸ்ரீபெரும்புதூர்
6.10.2001

பானு,

சௌக்கியமா என்று கேட்டு என் வாயை நானே கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குத் தீட்டுப் பட்டம்! உன் மாமியாருக்குத் தோசை மாவு பொங்கினால் சந்தோஷம், கிம்ச்சி பொங்கினால் தீட்டா? இரண்டும் ஒரே சங்கதிதான். அது உயிருள்ள சாமான். உப்பும் கோஸும் சேர்ந்தால் ஒரு நாளில் புளிக்கும், புளித்தால் பொங்கும், பொங்குகிறதை இறுக்கி மூடினால் வெடிக்கும். வெயிலில் வைத்தால் கேட்கவே வேண்டாம். அதைத் தொட்டது நான் ஒருத்தி, வெயிலில் வைத்தது அந்தம்மா ஒருத்தி. நடுவில் நீ எங்கே வந்தாய்?

மாப்பிள்ளை என்ன செய்கிறார்? அவருக்கு வாய் இருக்கிறதா, அதையும் பவர்லூமில் மாட்டிவிட்டாரா? உன் கடிதத்தில் அவர் பேசின ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிகிறது.

நீ உடனே எழுந்து கூடத்துக்குப் போ. முழுகாமல் இருக்கிறேன் என்று சொல்லித் தொலை. ஒரு வாக்கியம். பின்னறை அன்றோடு தீர்ந்தது. உனக்கு வெட்கமாக இருந்தால் நான் மாப்பிள்ளைக்கு எழுதுகிறேன். நீ வேண்டாம் என்றாலும் எழுதத்தான் போகிறேன், கர்ப்பத்தைப் பற்றி மட்டும் உன் சம்மதமில்லாமல் எழுத மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. பழைய சாதத்துத் தண்ணீரையாவது குடி.

லதா


ஸ்ரீபெரும்புதூர்
8.10.2001

மாப்பிள்ளை ஹேமநாத் அவர்களுக்கு,

ஸ்வர்ணலதா எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் தறிகளின் சுகத்துக்கும் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

நான் அனுப்பிய பாட்டில் பொங்கி வழிந்ததாகக் கேள்விப்பட்டேன். அது பொங்காவிட்டால்தான் நான் சமைக்கத் தெரியாதவள். அடுப்பில்லாமல் தானாகப் புளிக்கிற பண்டம் அது, ஊறுகாய் இல்லை. யார் தொட்டாலும் புளிக்கும், யாரும் தொடாவிட்டாலும் புளிக்கும். நனைந்த ஜாடியில் பூஞ்சை பிடித்ததற்கு மழையிடம்தான் கேட்க வேண்டும்.

என் தங்கையைப் பின்னறையில் போட்டிருக்கிறீர்கள். அக்கினி சாட்சியாகக் கை பிடித்தவர் நீங்கள். அவள் தொட்டாளா என்று நீங்களாக அவளிடம் ஒரு தடவை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

ஸ்வர்ணலதா


ஆரணி
20.10.2001

அக்கா,

நீ நன்றாக இருப்பாய். கோபம் இருக்கிற வரை உனக்கு ஒன்றும் வராது. எனக்குத்தான் வந்தது.

யாரைக் கேட்டு அவருக்கு எழுதினாய்? உன் கடிதத்தை அவர் அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினார். புருஷனோடு வாழாமல் வந்தவள் எனக்குப் புத்தி சொல்கிறாளா என்று அத்தை தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். அப்புறம் அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "உங்கக்கா லெட்டர் போட்டு அம்மா பேஜாராயிட்டாங்க. கொஞ்ச நாள்தான, பொறுத்துக்கோயேன்" என்றார். நீ கேட்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. இதற்கா அவருக்குக் கடிதம் போட்டாய்? உன் கோபத்தை நீ தீர்த்துக்கொண்டாய், அதற்கு அடி வாங்கியது நான்.

சொல்லித் தொலை என்கிறாய். முதலில் பயந்து சொல்லவில்லை. இப்போது பயம் இல்லை, சொல்ல மாட்டேன். நான் தொடவில்லை என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை. வயிற்றைக் காட்டினால்தான் நம்புவார்கள் என்றால் அந்த நம்பிக்கை எனக்கு எதற்கு? சொன்ன மறு நிமிஷம் பால் வரும், பழம் வரும், நான் இந்த வீட்டு மகாலட்சுமி ஆகிவிடுவேன். பிள்ளை பிறந்த பிறகு மாதா மாதம் திரும்ப இதே பாய்தான். பத்து மாதத்துக்கு மட்டும் சுத்தமாக இருக்க எனக்கு இஷ்டமில்லை. தானாகத் தெரிகிறபோது தெரியட்டும்.

ஆனால் பசிக்கிறது அக்கா. வாசலில் வைத்துவிட்டுப் போகிற தட்டைத் தொட முடியவில்லை, தொட்டாலும் வெளியே வந்துவிடுகிறது. இனி பாட்டில் அனுப்பாதே. எப்படிச் செய்வது என்று எழுது. எனக்குச் சமையலறை கிடையாது, அடுப்பு கிடையாது. ஆனால் நீ அன்றைக்குச் செய்தபோது அடுப்புப் பக்கமே போகவில்லை. அதை நான் பார்த்தேன்.

பானு


ஸ்ரீபெரும்புதூர்
24.10.2001

பானு,

நான் எழுதியது தப்பென்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. உனக்கு அடி விழுந்தது என்று படித்ததும் சோறு இறங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்.

நீ சொன்னதை நாலு தடவை படித்தேன். உன் பிடிவாதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்லித் தொலை என்று இனி எழுத மாட்டேன். உடம்பு தளர்ந்தால் மட்டும் பிடிவாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொல்லிவிட வேண்டும். அது என் நிபந்தனை.

இப்போது கேள். ஆரணியில் நீளக் கோஸ் கிடைக்காது, அதைத் தேடி அலையாதே. முள்ளங்கி போதும். பிஞ்சாக, இலையோடு இருக்க வேண்டும். முற்றினது வேண்டாம், சக்கை. ஜெயத்தை வாங்கி வரச் சொல். மெல்லிசாக நறுக்கிக் கல்லுப்பு போட்டுப் பிசறி வை. ஒரு ரவிக்கைக்கு ஹெம்மிங் முடிக்கிற நேரம் போதும். நீர் விட்டுத் துவண்டிருக்கும். கழுவிப் பிழி. மிளகாயை விதை உதிர்த்துக் கொரகொரவென்று இடிக்கச் சொல், மாவாக அரைத்தால் கசக்கும். பூண்டும் இஞ்சியும் தட்டிப் போடு. துளி வெல்லம். உன் தட்டில் வருகிற சாதத்துக் கஞ்சி ஒரு கரண்டி ஊற்று, மசாலா பிடித்துக்கொள்ளும். வெங்காயத் தாளும் முள்ளங்கி இலையும் கிள்ளிப் போட்டுக் கையால் கல. கையால்தான். கரண்டி போட்டால் எனக்குக் கோபம் வரும்.

கலந்த உடனே தின்றுவிடு. ஜாடியில் போடாதே, மூடாதே, நாளைக்கு என்று வைக்காதே. வைத்தால்தானே கெட்டது என்று சொல்ல ஆள் வருவார்கள்?

லதா


ஆரணி
5.11.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் அப்படி இருக்க வேண்டும்.

ஜெயம் அக்கா முள்ளங்கிக்காக நாலு இடம் அலைந்தார். மார்க்கெட்டில் எல்லாம் தடித் தடியாக முற்றினது. கடைசியில் படவேட்டுப் பக்கமிருந்து கூடையில் கொண்டுவரும் ஒரு அம்மாவிடம் விடிந்ததும் பிடுங்கிய பிஞ்சு கிடைத்தது, மண்கூடக் காயவில்லை. ஜெயம் அக்கா வீட்டுப் பாத்திரத்தில் பின்னறையிலேயே உட்கார்ந்து கலந்தேன். முதல் துண்டை வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தினாலா என்று கேட்காதே. நறுக்கென்று உடைந்து, சாறு வந்து, பூண்டு ஏறி, கடைசியில் முள்ளங்கிக்கே உரிய ஒரு தித்திப்பு. பாத்திரத்தை வழித்துத் தின்றேன், அதோடு தட்டுச் சோறும் போனது. வெளியே வரவில்லை. அன்று முதல் தினமும் அதுதான். யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சுத்தி நடந்தது. சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லி வீடெல்லாம் தீர்த்தம் தெளித்தார். என்னைக் கூப்பிட்டுப் பஞ்சகவ்யம் குடிக்கச் சொன்னார்கள். பசுஞ்சாண வாடை மூக்கில் பட்டதுதான் தெரியும், முற்றத்துக்கு ஓடினேன். ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் தீட்டுப் போகவில்லை என்று அத்தை ஆரம்பித்தார். அப்போது என் வீட்டுக்காரரின் வந்தவாசிப் பெரியம்மா எழுந்து வந்து, என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, அத்தையிடம், "சாவித்திரி, உனக்கு கண்ணு இருக்குதா? இவ தீட்டில்லடி, முழுகாம இருக்கிறா. மூணு மாசம் தாண்டியிருக்கும்" என்றார்.

அதற்கப்புறம் நான் எழுதின மாதிரியே எல்லாம் நடந்தது. பால் வந்தது, பழம் வந்தது. பின்னறைப் பாயைச் சுருட்டி விட்டார்கள். அவர் முதல் தடவையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். நான் தொடவில்லை என்று சொன்னேனே, அதை ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்டேன். ஒரு பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார். அத்தை எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார். ஆனால் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வரவில்லை. ஐயரும் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். என்னை எதிலிருந்து சுத்தம் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அக்கா, பின்னறையில் இருந்தபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை. அத்தை கையால் போட்ட ஊறுகாயை இனி தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பானு


ஆரணி
10.12.2001

அன்புள்ள ஸ்வர்ணலதாவுக்கு,

சாவித்திரி ஆசியுடன் எழுதுவது. இங்கு அனைவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

பானு நல்ல செய்தி எழுதியிருப்பாள். ஒன்றை நினைத்துத்தான் கவலை. நான் செய்து போடுவது எதையும் ரசித்துச் சாப்பிடுவதில்லை. முள்ளங்கியில் ஏதோ கலந்து தின்பாளாம், அதையும் ஒரு மாதமாகச் செய்வதில்லை. நானே செய்து பார்த்தேன். நல்லெண்ணெய் காய்ச்சி, கடுகு, பெருங்காயம் தாளித்துத்தான் செய்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். அக்கா வந்து செய்தால் சாப்பிடுகிறேன் என்கிறாள். மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வரும் என்பார்கள். ஆகவே அந்தக் கொரியா ஊறுகாயைச் செய்து அனுப்பவும். இந்த முறை வெயிலில் வைக்க மாட்டேன்.

சாவித்திரி


ஸ்ரீபெரும்புதூர்
14.12.2001

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஸ்வர்ணலதாவின் வணக்கம். நான் நலம். நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

பாட்டில் அனுப்ப மாட்டேன். அந்தப் பண்டத்தைச் செய்த இடத்திலேயே தின்ன வேண்டும். ஆகவே நானே வருகிறேன். வருகிற 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் வந்து, உங்கள் சமையலறையில் உட்கார்ந்து, என் கையால் கலந்து, என் தங்கைக்கு நானே ஊட்டுவேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக்கூடாது. அன்று எனக்கு இரண்டாம் நாளாக இருக்கும். எனக்குத் தள்ளிப் போவதில்லை. உங்கள் பின்னறைக்கு நான் போக மாட்டேன். உங்கள் பேரப்பிள்ளையின் காதா, உங்கள் ஊறுகாய் ஜாடியா என்று யோசித்து எழுதுங்கள். வரக்கூடாது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பானுவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஸ்வர்ணலதா


ஆரணி
18.12.2001

ஸ்வர்ணலதாவுக்கு,

க்ஷேமம். முள்ளங்கி வாங்கி வைக்கிறேன். வரவும்.

சாவித்திரி


ஆரணி
23.11.2002

அன்புள்ள லதா அக்காவுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். அவளுக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. கைக்கு எட்டினதையெல்லாம் கடிக்கிறாள், கோபத்தில் உன்னைக் கொண்டிருக்கிறாள். அடுப்பு மேடையை உயர்த்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில் நீதான் ஜெயித்தாய். அவர் இப்போது சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போகிறார். பேச்சு இன்னும் அளந்துதான்.

போன வருஷம் நீ வந்து போனதைப் பற்றி ஒன்றை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ உள்ளே உட்கார்ந்து கலந்தபோது அத்தை வாசற்படியில் நின்றார். நீ உப்புக் கேட்டாய். ஜாடியை உன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்து நகர்த்திவிட்டார். நீ கவனிக்காத மாதிரி எடுத்துக்கொண்டாய், கவனித்தாய் என்று எனக்குத் தெரியும். நீ ஊட்டினாய், நான் தின்றேன். அத்தைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாய், வெள்ளிக்கிழமை என்றார். அதில் மீன் இல்லை என்றாய், பல் கூச்சம் என்றார். நீ பஸ் ஏறின உடனே மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சமையலறையை மூலை முடுக்கு விடாமல் கழுவினார். அப்போதே எழுதியிருந்தால் நீ பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருப்பாய். பேரப்பிள்ளைக்காகத் திறந்த கதவு, அவ்வளவுதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு இந்த வாரம்தான் எனக்குத் திரும்ப வந்தது. காலையில் நானே அத்தையிடம் சொன்னேன். பழைய பாயை எடுத்துப் பின்னறையில் விரித்தார், கூடவே ஒரு சொம்பும் வைத்தார். போன வருஷம் எழுதினேனே, மாதா மாதம் இதே பாய்தான் என்று. அதே பாய், ஓரம் நைந்தது.

நான் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்தேன். பாப்பாவைப் பக்கத்தில் போட்டேன். கூடைக்கார அம்மா கொண்டுவந்த பிஞ்சு முள்ளங்கி இருந்தது. நறுக்கி உப்புப் போட்டேன். இன்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பையில் துணிகூட எடுத்து வைத்திருந்தேன்.

அத்தை வாசற்படியில் வந்து நின்றார். உன்னைப் பார்த்த அதே இடம். நான் கழுவிப் பிழிந்தேன், மிளகாய் போட்டேன், பூண்டு தட்டினேன், கஞ்சி ஊற்றிக் கையால் கலந்தேன். அவர் போகவும் இல்லை, திட்டவும் இல்லை. வாசனை கிளம்பியது. நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு தின்ன ஆரம்பித்தேன்.

அப்புறம் அத்தை உள்ளே வந்து அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"அதுல கொஞ்சம் போடு" என்றார்.

"எனக்கு இன்னிக்கு மொத நாள் அத்தை."

"தெரியும். போடு."

போட்டேன். தட்டைத் தரையில் வைக்கச் சொல்லவில்லை, என் கையிலிருந்தே வாங்கினார். பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பல் கூச்சம் ஒன்றையும் காணோம். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டை நீட்டினார்.

தப்பு என்று இன்னும் அவர் சொல்லவில்லை. எனக்கும் இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் துணிப்பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டேன். பாய் சமையலறையிலேயே கிடக்கிறது. முள்ளங்கி நறுக்க உட்காருவதற்கு வசதியாக இருக்கிறது என்று அத்தையே சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவின் பல்லைப் பார்க்கச் சீக்கிரம் வா. எந்த நாளானாலும் வா.

உன் தங்கை
பானுப்ரியா